கட்டு ஆறு வாரம், ஷூ நாலு வருஷம்: மும்பையில் குழந்தைகள் எலும்பு வைத்தியம்

தாராவிக்காரர்களிடம் "ஊர் எது?" என்று கேட்டால் தலைமுறைக்கு ஒரு பதில் வரும். தாத்தாவுக்குத் திருநெல்வேலி, அப்பாவுக்குப் பாதி அங்கே பாதி இங்கே, வெளிநாட்டில் வேலை பார்க்கும் எங்களுக்கு மும்பை. எழுதுகிற இருவரில் ஒருவர் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி செய்பவர், மற்றவர் கால் பிரேஸ் செய்யும் பட்டறைக்காரர். இந்த முறை ஊர் வந்தபோது தெரிந்தவர்களின் பிள்ளைகளோடு எலும்பு ஓபிடிகளுக்கு (வெளிநோயாளர் பிரிவுகளுக்கு) போய்ப் பார்த்ததை எழுதுகிறோம். வைத்தியத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பிசகுவதெல்லாம் கட்டு பிரித்த பிறகு, வீட்டில்.

முதலில் போக்குவரத்து. மும்பையில் ஆட்டோ மாகிம், சயானைத் தாண்டித் தெற்கே போகாது. ஆஸ்பத்திரிகள் இருக்கிற பரேலோ ஹாஜி அலியோ போக வேண்டுமானால், இடுப்பிலிருந்து கால்வரை கட்டுப் போட்ட பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி, பாதி வழியில் இறக்கி, மறுபடி டாக்சி தேடுவது பெரும்பாடு. வாசலிலிருந்தே கறுப்பு மஞ்சள் டாக்சி எடுத்துவிடுங்கள். பின்சீட்டில் பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்கலாம். சின்னக் கட்டுதான் என்றால் மாகிமில் ஸ்லோ லோக்கல் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன், ஹாஜி அலிக்குப் பக்கமான மகாலட்சுமி. ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. 2025இல் முழுதும் திறந்த மெட்ரோ 3 தாராவி வழியாகவே மகாலட்சுமிப் பக்கம் போகிறது. லிஃப்ட் இருப்பதால் வீல்சேர் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

ஹாஜி அலி குழந்தைகள் எலும்பு ஆஸ்பத்திரியின் கதையில் ஒரு மெட்ராஸ் வருகிறது. மும்பைத் தமிழர் பலருக்கே இது தெரியாது. பாத்திமா இஸ்மாயில் என்ற அம்மையாரின் சின்ன மகளுக்குப் போலியோ வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸில் டாக்டர் எம்.ஜி. கினியிடம் போனார். அங்கே பார்த்த வைத்தியம் மும்பைப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று 1947இல் சிறிதாக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அது வளர்ந்துதான் ஹாஜி அலி ஆஸ்பத்திரி ஆனது. பக்கத்திலேயே 1955இல் வந்த மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்), செயற்கைக் கால் எல்லாம் அங்கேயே செய்கிறார்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 2011 ஜனவரியில். அன்று காலிபர் மாட்டிய பிள்ளைகள் உட்கார்ந்த பெஞ்சுகளில் இன்று பாதம் உள்ளே திரும்பிப் பிறந்த கைக்குழந்தைகளும், மூளை வாத நோய்ப் பிள்ளைகளும், விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாதக் கோணலை இந்திக்காரர்கள் "டேடா பைர்" என்பார்கள். நம்மவர்கள் "கால் உள்பக்கம் திரும்பியிருக்கு" என்பார்கள். ஆயிரம் பிறப்பில் ஏறக்குறைய ஒன்று. ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு. கிரகணமும் காரணமில்லை, கர்ப்பத்தில் காலை மடக்கி உட்கார்ந்ததும் காரணமில்லை. வைத்தியம் பொன்செட்டி முறை: வாரம் ஒரு மாவுக்கட்டு, ஐந்திலிருந்து ஏழு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசிக் கட்டுக்கு முன் குதிகால் தசைநாணை ஊசி நுழைகிற அளவு துளை வழியே வெட்டி விடுவார்கள். தையல் கிடையாது. அதன்மேல் போடும் கட்டு மூன்று வாரம் இருக்கும். அதற்குள் வெட்டிய இடம் நீண்டு வளர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பிளாஸ்டர் ரூமில் நடப்பது இது. அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பசியோடு இருக்கிற பிள்ளை காலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருவர் விரல் நுனிகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மெல்லிய பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்த பிளாஸ்டர் பட்டையை முதலில் முழங்காலுக்குக் கீழே சுற்றுவார். அது இறுகுவதற்குள் பாதத்தின் வெளிப்பக்கம், கணுக்காலுக்குச் சற்று முன்னால் துருத்தும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து எதிர்த்தாங்கல் கொடுத்து வடிவம் பிடிப்பார். குதிகாலை யாரும் பிடித்துத் திருகக் கூடாது. திருகினால் அது திரும்பாமல் பூட்டிக்கொள்ளும். கீழ்ப்பகுதி இறுகிய பிறகு முழங்காலை 90 பாகை மடக்கித் தொடை வரை கட்டுவார்கள். முழங்காலோடு நிறுத்திய குட்டைக் கட்டு ஒன்றையும் ஓர் இடத்தில் பார்த்தோம். இரண்டு நாளில் சாக்ஸ் மாதிரி கழன்று வந்துவிட்டது. கழன்ற கட்டு சும்மாவும் இருக்காது, பாதத்தைத் தவறான இடத்தில் அழுத்தும்.

முதல் கட்டு பிரித்ததும் அம்மாக்கள் அழுவார்கள், பாதம் முன்னைவிட மோசமாகத் தெரியும். அது சரியான அறிகுறி. முதல் கட்டு உள்ளங்காலின் குழிவை எடுக்க முன்பாதத்தை மேலே தூக்கி வைக்கிறது; அதன் பிறகுதான் பாதம் வாரா வாரம் வெளியே திரும்பும். இதை யாராவது தமிழில் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். டாக்டர் மராத்தி, இந்தி, இங்கிலீஷ் மூன்றிலும் சொல்கிறார். பாட்டிக்கு மூன்றும் எட்டவில்லை. வார்டு மாமாவும் மௌசி என்கிற ஆயாவும்தான் பல இடங்களில் உடைந்த தமிழில் சமாளிக்கிறார்கள். சயான் பக்கம் வேலை பார்த்த மௌசிகளுக்குத் "தண்ணி படக்கூடாது" என்கிற அளவுக்காவது தமிழ் வருகிறது.

கட்டுக்கு முன் வீட்டிலேயே ஒன்று செய்துவிடுங்கள். கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கண்ணேறு படாமல் இருக்கட்டும் என்று கயிற்றின் மேலேயே கட்டச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள் உண்டு. கால் வீங்கினால் அந்தக் கயிறு தோலுக்குள் இறங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கயிறு கட்டத்தான் வேண்டுமென்றால் கையில் கட்டுங்கள். இடுப்புக் கட்டு போடும்போது அரைஞாண் கயிற்றையும் எடுத்துவிட வேண்டும்.

கட்டோடு வீடு வந்த பிறகு பார்க்க வேண்டியது விரல்களை. விரல் நுனியை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு மூன்று விநாடியில் மறுபடி சிவக்க வேண்டும். நீலம், சில்லிடல், வீக்கம், நிற்காத அழுகை இருந்தால் அடுத்த தவணைவரை காத்திருக்காமல் உடனே ஓட வேண்டும். விரல்கள் கட்டுக்குள் மறைந்தாலும் அதேதான், கட்டு நழுவிவிட்டது என்று அர்த்தம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் நனைந்த கட்டு காயவே காயாது. ஹேர் டிரையரால் காய வைக்காதீர்கள். மேலே காய்ந்ததுபோல் இருந்து உள்ளே ஊறி, தோல் வெந்துபோகும். அடுத்த கட்டுக்கு வரும் அன்று காலையில் மட்டும், ஆஸ்பத்திரி சொன்னால், ஈரத்துணி சுற்றி ஊறவைத்துக்கொண்டு வரலாம். முதல் நாள் ராத்திரியே பிரித்துவிட்டு வந்தால் ஒரு ராத்திரியிலேயே பாதம் கொஞ்சம் பழைய பக்கம் திரும்பிவிடும்.

இனி, கடைசிக் கட்டு பிரித்ததும் மாட்டும் ஷூ. எல்லாம் இங்கேதான் கெடுகிறது. இரண்டு ஷூ, நடுவில் தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. கோணல் கால் 60இலிருந்து 70 பாகை வெளியே, நல்ல கால் 30இலிருந்து 40. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், குளிப்பாட்டும் நேரம் மட்டும் விடுமுறை. அதன்பின் ராத்திரித் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்த்து 12இலிருந்து 14 மணி நேரம், நாலு வயது வரை. கால் நேராகிவிட்டது, பார்க்க அழகாக இருக்கிறது, பிறகு எதற்கு இந்தக் கம்பி என்று வீட்டில் ஒருவர் கேட்பார். நேராக்கியது கட்டு, நேராக வைத்திருப்பது கம்பி. விட்டால் கால் திரும்பும், மறுபடி முதல் கட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கழற்றுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிகள். "பிள்ள ராத்திரி பூரா கத்துது, மனசு கேக்கல." உண்மைதான், முதல் இரண்டு மூன்று நாள் கத்தும். வலியால் அல்ல, இரண்டு காலையும் தனித்தனியாக உதைக்க முடியாத கோபம். கம்பியின் நடுவைப் பிடித்து இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் அண்ணன் அக்காவோடு பாயில் படுக்கிற வீடுகளில் கம்பி பக்கத்தில் படுத்தவன் முகத்தில் இடிக்கும். பழைய துண்டைக் கம்பியில் சுற்றித் தைத்துவிட்டால் போதும். தூளியில் போட்டால் கம்பி சிக்கும் என்பது அடுத்த புகார். தூளியின் வாயை விரித்துப் பிடிக்கும் கட்டையைக் கம்பியைவிட நீளமாக மாற்றிப் போடுங்கள், அடங்கும்.

கொப்புளம் வந்தால் ஷூ தளர்ந்திருக்கிறது என்று பொருள். எல்லோரும் இறுக்கம் என்று நினைத்து இன்னும் தளர்த்துவார்கள். பருத்தி சாக்ஸ், அதில் மடிப்பு இருக்கக் கூடாது. நடுப் பட்டையை, கணுக்கால் மடிப்பின் மேல் வருவதை, முதலில் இறுக்க வேண்டும், பிறகு கயிறு. குதிகால் உள்ளே இறங்கியதா என்று பார்க்கப் பல ஷூக்களில் பின்னால் ஓட்டை இருக்கும். குதி தெரியவில்லையென்றால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

மே மாதம், ஆடியில் கோயில் கொடை: தாராவியே காலியாகி நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறும். இரண்டு ராத்திரி ரயில், கல்யாணம், கொடை, சொந்தக்காரர் கண். கம்பி பெட்டிக்குள் போய்விடும். ஒரு மாதம் கழித்து வருகிற பிள்ளையின் ஷூவில் குதி இறங்காது. போகும் முன் மூன்று காரியம்: அடுத்த அளவு ஷூவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கைக்குழந்தையின் பாதம் மூன்று நாலு மாதத்தில் ஓர் அளவு தாண்டும். கேஸ் பேப்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி எலும்புப் பிரிவில் காட்டலாம், பாதக் கோணல் 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டப் பட்டியலில் உள்ளது.

இடுப்பு மூட்டு நழுவிய குழந்தைகளுக்கு நம் வழக்கம் ஒன்று உதவி, ஒன்று கெடுதி. பிள்ளையை இடுப்பில் கால் விரித்து உட்கார வைத்துத் தூக்குவது மூட்டுக்கு நல்லது. பிறந்ததும் காலை நேராக நீட்டித் துணியால் இறுக்கிச் சுற்றுவது கெடுதி. கை சுற்றுங்கள், காலைத் தவளைபோல் மடங்க விடுங்கள்.

முழங்கை முறிவு மும்பையில் ஜனவரிப் பட்டக் காலத்தில் கூடும், மொட்டை மாடியிலிருந்து விழுந்து. நம்மவர்களுக்குப் புத்தூர் கட்டின் மேல் அசையாத நம்பிக்கை. முழங்கைக்கு மேல் உடைந்த பிள்ளைக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்து, விரல்கள் கழுகு நகம்போல் மடங்கிவிடும். அதை முழுதாக மீட்க வழி இல்லை. அடையாளம் எளிது: பிள்ளையின் விரலை நீங்கள் நீட்டும்போது அலறினால் கட்டை அந்த நிமிடமே வெட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று கம்பி குத்தி, மூன்று நாலு வாரத்தில் ஓபிடியிலேயே உருவிவிடுவார்கள்.

மூளை வாதப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் காலுறை பிரேஸ் பற்றி ஒன்றுதான். கழற்றியதும் தோலில் சிவப்பு இருக்கும். இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் மாட்டாமல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சூடு காட்டித் தட்டிச் சரிசெய்வது சின்ன வேலை. பலர் வலிக்கிறது என்று பரணில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறார்கள், அதற்குள் பிள்ளை வளர்ந்து பிரேஸ் உதவாமல் போகிறது.

பணம். மகாராஷ்டிர அரசின் புலே காப்பீட்டுத் திட்டத்துக்கு அந்த மாநில ரேஷன் கார்டு கேட்பார்கள். கார்டு இன்னும் ஊரில் தாத்தா பேரில் இருக்கிற குடும்பங்கள் இங்கே மாட்டிக்கொள்கின்றன. அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் படுக்கையில் 10 சதவீதம் இலவசமாகவும் 10 சதவீதம் சலுகையிலும் ஏழைகளுக்கு ஒதுக்க வேண்டும். ஆனால் கவுன்டரில் தானாகச் சொல்ல மாட்டார்கள். தாசில்தார் வருமானச் சான்றோடு சோஷியல் வொர்க்கர் அறை எங்கே என்று கேளுங்கள், அட்மிஷனுக்கு முன்பே. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது இல்லாமல் லோக்கலில் மாற்றுத்திறனாளி பெட்டியில் ஏறினால் அபராதம்தான்.

எங்களைப்போல் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பொம்மை வாங்கி வருகிறார்கள். அங்கே ஒரு குழந்தை போட்டுக் கழித்த கம்பி ஷூவைக் கொண்டுவாருங்கள். குழந்தை மூன்று நாலு மாதத்தில் தாண்டிவிடுவதால் அந்த ஷூ பெரும்பாலும் புதுசாகவே இருக்கும். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்: குழந்தையின் குதியைச் சுவரில் ஒட்டிக் காகிதத்தின் மேல் நிறுத்தி, அல்லது படுக்க வைத்து அட்டையைப் பாதத்தில் அழுத்தி, நீண்ட விரல்வரை மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள், இரண்டு காலையும். கோணல் கால் பெரும்பாலும் சற்றுக் குட்டை. தோள் அகலத்தையும் அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் கம்பியின் நீளம். கொடுக்கும்முன் பட்டறைக்காரரிடம் பாகையைச் சரிபார்த்துத் திருகை இறுக்கி வாங்குங்கள். விமானப் பெட்டியில் அது தளர்ந்தே வரும்.