இம்மொபிலைசர் பைபாஸ்: பெட்டிக்குள் சாவியா, டேட்டா மாட்யூலா?

தொலைவிலிருந்தே எஞ்சினை இயக்கும் ரிமோட் ஸ்டார்ட் கிட்டைத் தன் காரில் தானே பொருத்திக்கொள்ள நினைக்கும் நண்பர் ஒருவர், எந்த கிட் வாங்கலாம், ரிமோட் எவ்வளவு தூரம் எட்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதை ரிமோட்டே திரும்பச் சொல்லுமா என்றெல்லாம் நீளமாக எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘பைபாஸ் எதுவாக இருந்தாலும் பரவாயில்லைதானே?’ என்று கேட்டிருந்தார். பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிட்டைப் பொருத்தி முடித்த நாளோடு அதை நான் மறந்துவிட்டேன். அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னை மறுபடி மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் படுக்க வைத்ததெல்லாம், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பைத் தாண்ட உதவும், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த பைபாஸ்தான். அண்மையில் இன்னொரு முறை பேனலைக் கழற்றிச் சரிசெய்த எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடிப்படையை விரிவாக விளக்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும் வேலையை மட்டுமே கிட் செய்கிறது: இக்னிஷன், ஆக்சஸரி, ஸ்டார்ட்டர் ஆகிய வயர்களுக்கு உரிய வரிசையில் மின்சாரம் கொடுக்கிறது. ஆனால் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது; அதற்கென்று பேட்டரி கிடையாது. இக்னிஷன் துளையைச் சுற்றியுள்ள வளையம் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெற்று, அது காருக்குப் பதில் சொல்கிறது. பதில் வராவிட்டால் இம்மொபிலைசர் தடுத்துவிடும்: சில கார்களில் ஸ்டார்ட்டரே சுழலாது. வேறு சிலவற்றில் எஞ்சின் பிடித்து, இரண்டு நொடியில் அணைந்துவிடும். பைபாஸின் வேலை அந்தப் பதிலைச் சொல்ல வைப்பது, அவ்வளவுதான்.

உங்கள் காருக்கு அது தேவையா என்பதையே முதலில் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதலும் கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படியொரு கட்டாயம் இல்லாததால், சாவி போட்டுத் திருப்பும் சில ஹூண்டாய், கியா மாடல்கள் 2021 வரைகூட அது இல்லாமலே அங்கே விற்பனையாயின. ஆகவே கார் புதிதா பழையதா என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. சாவித் தலையை அலுமினியத் தாளால் இரண்டு மூன்று சுற்று இறுக்கமாக மூடி ஸ்டார்ட் செய்து பார்த்தால் போதும். எஞ்சின் பிடிக்காமலோ பிடித்து அணைந்தோ போனால் பைபாஸ் வேண்டும். இந்தச் சோதனைக்குப் பிறகும் ஒரு வேலை இருக்கிறது; பின்னால் சொல்கிறேன்.

பைபாஸில் பெட்டி, டேட்டா மாட்யூல் என இரண்டு வகை உண்டு. நான் முதலில் பொருத்தியது பெட்டி வகை. பெயருக்குத்தான் பெட்டி, உள்ளே இருப்பவை ஒரு ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொஞ்சம் வயரும். காரில் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்ட உபரிச் சாவி ஒன்றை அதற்குள் வைத்து, சிப் இருக்கும் தலைப் பகுதியைச் சுற்றி மெல்லிய வயரால் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். அதே வயர் டாஷ்போர்டுக்கு அடியில் ஓடி, இக்னிஷன் வளையத்தின்மேல் இன்னொரு சுருளாக அமரும். ரிமோட் ஸ்டார்ட் இயங்கும் நேரத்தில் மட்டும் ரிலே அந்தச் சுற்றை மூடும்; காரின் அலை வயர் வழியே பெட்டிக்குள் போய் அங்கிருக்கும் சிப்பை எழுப்பும். மற்ற நேரங்களில் சுற்று திறந்தே இருப்பதால், கையில் உள்ள சாவியோடு பெட்டிச் சாவியும் சேர்ந்து பேசிக் காரைக் குழப்புவதில்லை. கணினியும் வேண்டாம், ஃபர்ம்வேரும் (கருவிக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டாம், மாடல் பட்டியலும் வேண்டாம். கோளாறு வந்தால் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வெயிலில் நின்ற காருக்குள் டேப்பின் பசை இளகி, சுருள் வளையத்தைவிட்டு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது; எஞ்சின் பிடித்துப் பிடித்து அணைந்தது. சுருளைப் பழைய இடத்துக்கு ஏற்றி, டேப்புக்குப் பதிலாக கேபிள் டையால் கட்டியதும் சரியாகிவிட்டது. அதன் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி எழுத எனக்கு எதுவுமே இல்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, காருக்குள்ளேயே காரின் சாவி இருக்கிறது என்பது. கண்ணாடியை உடைத்து உள்ளே வருபவன் பேனலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால் வேலை முடிந்துவிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு: தேவை சிப் மட்டும்தான் என்பதால், பதிவு முடிந்ததும் சாவியின் உலோகத் தண்டை அறுத்து எறிந்துவிடலாம், மிஞ்சும் பிளாஸ்டிக் தலையால் கதவையும் திறக்க முடியாது, ஸ்டீயரிங் பூட்டையும் திருப்ப முடியாது. நானும் அப்படித்தான் செய்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. திருட்டைத் தடுக்க வைத்த அமைப்பின் விடையை அந்த அமைப்புக்குப் பக்கத்திலேயே ஒளித்து வைத்திருக்கிறோம் என்ற உறுத்தல் போகவே இல்லை. டேட்டா மாட்யூலுக்கு நான் மாறியதற்கு முதற்காரணம் அதுதான். பெட்டியில் குறை கண்டு மாறவில்லை.

இந்த இடத்தில் நியாயமாக இருக்க வேண்டும்: டேட்டா மாட்யூல் பிரமாதமான பொருள். அது காரின் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழித்தடத்தில் சேர்ந்துகொண்டு, சாவி சொல்ல வேண்டிய பதிலைத் தானே சொல்கிறது. உபரிச் சாவியைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய மகிழ்ச்சி, நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. பெட்டி இருந்த காலத்தில், கிட்டின் ரிமோட்டால் கதவைத் திறந்தால் காருடன் வந்த அலாரம் அலறும். அதை அடக்கத் தனி வயர், கதவுப் பூட்டுக்குத் தனி வயர்கள், எஞ்சின் சுழற்சி வேகத்தைக் கிட்டுக்குச் சொல்ல இன்ஜெக்டரிலிருந்து ஒரு வயர், பிரேக்குக்கு ஒன்று என்று ஸ்டீயரிங் தண்டின் கீழே ஒரு காடே வளர்ந்திருந்தது. டேட்டா மாட்யூல் வந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை நான்கு முனைகள் கொண்ட ஒரு சிறு கேபிளுக்குள் அடங்கிவிட்டன. எஞ்சின் பிடித்த செய்தியைக் கார் தானே சொல்லிவிடுவதால் ஸ்டார்ட்டர் ஒரு கணம்கூட அதிகமாகச் சுழல்வதில்லை. வெட்டிய வயர்களை ஒவ்வொன்றாகப் பழையபடி இணைத்துச் சுற்றி மூடியபோது கிடைத்த நிம்மதியை, இந்த வேலையைச் சொந்தமாகச் செய்தவர்கள் மட்டுமே அறிவார்கள்.

இணைக்கும்போது கவனம் வேண்டிய இடம் ஒன்றுதான். காரின் கணினிகள் பேசிக்கொள்ளும் அந்த வழித்தடத்துக்கு கேன் என்று பெயர்; முறுக்கிய இரட்டை வயராக வரும் அதில் எது ஹை, எது லோ என்று மல்டிமீட்டரால் பிரித்தறிவது எளிதல்ல. சும்மா இருக்கும்போது இரண்டுமே ஏறத்தாழ 2.5 வோல்ட் காட்டும், பேச்சு நடக்கும்போது ஒன்று சற்று மேலேயும் மற்றது சற்றுக் கீழேயும் போகும். மாற்றி இணைத்தால் மாட்யூல் வாய் திறக்காது. தடமே முடங்கி, டாஷ்போர்டு முழுவதும் எச்சரிக்கை விளக்குகள் எரியவும் கூடும். ஆகவே வயரின் நிறத்தையும் கனெக்டரின் முனை எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது. வயரின்மேல் நசுக்கி மாட்டும் விரைவு இணைப்பிகள் இங்கே வேண்டாம். மெல்லிய இழைகளை அவை அறுத்துவிடும். தோலுரித்து, சுற்றி, சோல்டர் வைத்து மூடுவதே நல்லது.

இனி என் புகாருக்கு வருகிறேன். அந்த மாட்யூலில் ஒரு சிறிய எல்இடி விளக்கு இருக்கிறது. நம்மிடம் பேச அதற்குத் தெரிந்த ஒரே மொழி அந்த விளக்குதான். காரின் மாடல், ஆண்டு, கியர் வகை எல்லாவற்றையும் கணினியில் தேர்ந்தெடுத்து, ஃபர்ம்வேரை கேபிள் வழியாக ஏற்றிக்கொண்டு காருக்கு வருகிறோம். மாட்யூலின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஹார்னஸை (அதன் வயர்க் கட்டை) செருக வேண்டும். விளக்கு குறிப்பிட்ட நிறத்துக்கு வந்ததும் விட வேண்டும். சாவியை ஆனில் வைக்க வேண்டும். வேறொரு நிறம் வேகமாகச் சிமிட்டி அணையும்வரை பொறுத்திருக்க வேண்டும். இத்தனையையும், தலை பெடல்களுக்கு அடியிலும் கால்கள் இருக்கைக்கு மேலுமாகக் கிடந்து, ஒரு கையால் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எட்டாத சாவியைத் துழாவிக்கொண்டு செய்ய வேண்டும். ஏதாவது தவறினால் விளக்கு சிவப்பில் சிமிட்டும். எத்தனை முறை சிமிட்டியது என்பதுதான் கோளாறின் பெயர். எண்ணத் தொடங்கும்போது அது பாதியில் இருக்கும். முடித்தோமா என்று பார்ப்பதற்குள் அடுத்த சுற்றைத் தொடங்கியிருக்கும். மூன்றா நான்கா என்பதில் ஏற்படும் ஐயத்துக்கு, கேன் இணைப்பு இல்லை என்பதற்கும் சாவி அடையாளம் தெரியவில்லை என்பதற்கும் இடையிலான தூரம் இருக்கிறது. இவ்வளவு தெரிந்த கருவிக்கு, பேனலுக்கு வெளியே இழுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு முழம் வயரில் இந்த விளக்கைக் கொடுக்கத் தோன்றாமல் போனது ஏன் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. (கைப்பேசியைக் காணொளிப் பதிவில் போட்டு உள்ளே சாய்த்து வைத்து, பிறகு நிதானமாக எண்ணுவதுதான் இப்போதைய வழி.)

பொருத்தும் நாளில் மட்டும் இந்தத் தொல்லை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சர்வீஸுக்குப் போன கார், எஞ்சின் கணினிக்குப் புதிய மென்பொருளோடு திரும்பி வந்தது. அன்று மாலை ரிமோட்டை அழுத்தினால் எஞ்சின் பிடித்தது, அணைந்தது, மீண்டும் பிடித்தது, அணைந்தது. கிட்டின் மேல் தவறில்லை. அது தனக்குச் சொன்னபடி முயன்று பார்த்து ஓய்ந்தது. வயர் எதுவும் கழன்றிருக்கவில்லை. காருக்கும் மாட்யூலுக்கும் இடையிலிருந்த பேச்சு மாறியிருந்தது. எனக்கு ஏற்ற திருத்திய ஃபர்ம்வேர் வரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த இடைவெளியில், இழுப்பறையில் கிடந்த பழைய பெட்டியை எடுத்து மாட்டினேன். ஒரு மறுப்பும் சொல்லாமல் அது வேலை செய்தது. பிறகு புதிய ஃபர்ம்வேர் வந்தது, மாட்யூலைக் கழற்றி, கணினியில் ஏற்றி, மறுபடியும் பெடலுக்கு அடியில் படுத்து, அந்த விளக்கின் முன் கண்களை இடுக்கிக்கொண்டு கிடந்தேன். இப்போது எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எனக்குத்தான் அதன்மேல் இருந்த பழைய மரியாதை திரும்பவில்லை.

எதை வாங்கினாலும், முன்னர் சொன்ன அலுமினியத் தாள் சோதனையைப் பொருத்தி முடித்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். ரிமோட் ஸ்டார்ட் இயங்கும்போது மட்டும் பைபாஸை விழிக்க வைக்க, கிட்டிலிருந்து ஒரு நெகட்டிவ் சிக்னல் வயர் வரும். அந்த வயரைத் தவறுதலாக நிரந்தர கிரவுண்டில் இணைத்துவிட்டால் எல்லாம் அழகாக வேலை செய்வதுபோலவே தெரியும், ஆனால் இம்மொபிலைசர் இருபத்து நான்கு மணி நேரமும் செத்துக் கிடக்கும். தாளால் மூடிய சாவியை வைத்துக் கையால் திருப்பும்போது கார் ஸ்டார்ட் ஆகக் கூடாது. ஸ்டார்ட் ஆகிவிட்டால், இணைப்பு தவறு. பானெட் திறந்திருக்கும்போது ரிமோட் ஸ்டார்ட்டைத் தடுக்கும் பானெட் சுவிட்சை மறக்காதீர்கள். மேனுவல் கியர் கார் என்றால் கியரில் நிற்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மூடிய அறையில் நிற்கும் காரைத் தொலைவிலிருந்து ஸ்டார்ட் செய்வது உயிருக்கு ஆபத்து.

நண்பருக்கு என் பதில்: உங்களுடையது பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காராக இருந்திருந்தால் பேச்சே இல்லை, டேட்டா மாட்யூல்தான், பக்கத்தில் இருந்தாலே கார் அடையாளம் கண்டுகொள்ளும் ஸ்மார்ட் சாவியை உயிரோடு உள்ளே ஒளித்து வைத்தால் யார் கைபட்டாலும் கதவு திறக்கும் அபாயம் இருக்கிறது. உங்களுடையது சாவி போடும் கார். இரண்டில் எது சிறந்த பொருள் என்று கேட்டால், மேலே எழுதியதையெல்லாம் வைத்து, தயங்காமல் டேட்டா மாட்யூல் என்பேன். உங்கள் காரில் என் கையால் எதைப் பொருத்துவேன் என்று கேட்டால், பெட்டியைத்தான் பொருத்துவேன். தண்டை அறுத்த சாவி, சில சுற்று வயர், ஒரு ரிலே. யார் எந்த மென்பொருளை மாற்றினாலும் அதற்குக் கவலையில்லை. என் காரில் இப்போது இருப்பது டேட்டா மாட்யூல்தானே என்று கேட்பீர்கள். அதைக் கழற்றவும் அதே பேனலைத் திறந்து அதே இடத்தில்தான் படுக்க வேண்டும். அடுத்த மென்பொருள் மாற்றம் வரும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.