கோடியக்கரைக்குப் போன கூடாரம்

மெல்பர்ன் விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டபோது இரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. காரணம் கூடாரம்தான். நான்கு பேர் படுக்கலாம். துணி, கம்பி, முளைக்குச்சி எல்லாம் சேர்ந்து ஐந்து கிலோவுக்குக் குறையாது. மனைவி சாக்லேட் பொட்டலங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சாக்லேட்தான் வெளியே வந்தது.

எங்கள் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் கூடாரம். விக்டோரியா மாநிலத்தின் தென்கோடியில் வில்சன்ஸ் புரோமன்டரி என்று ஒரு கடலோரப் பூங்கா இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே இரண்டு ராத்திரி தங்கிவிடுவோம். கோடை விடுமுறை உச்சத்தில் இடம் வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை. ராத்திரி கூடாரத்தை உரசிக்கொண்டு வாம்பட் என்கிற குட்டைக் கால் விலங்கு போகும்; காலையில் குளிக்க வெந்நீர் வரும். ஊருக்குப் போகிறோம் என்று சொன்னதும் பையன் கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊர் பீச்ல எங்க டென்ட் போடுவீங்க?"

நான் போட்டதே இல்லை. வேதாரண்யத்தில் வளர்ந்தவனுக்குக் கோடியக்கரை என்றால் ஆடி அமாவாசை, தை அமாவாசைக் குளியல். ஈரத்துணியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பி வருவோம். அங்கே ராத்திரி தங்கலாம் என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

போனில் தேடினேன். கோடியக்கரை அருகே கடலோரக் கூடாரம், கேம்ப் ஃபயர், இரவுச் சாப்பாடு, குடும்பத்தோடு வரலாம் என்று ஒரு விளம்பரம் கிடைத்தது. படத்தில் வரிசையாக ஆரஞ்சு நிறக் கூடாரங்கள், பின்னால் பளிங்கு மாதிரி நீலக் கடல். எங்கள் பக்கத்துக் கடல் அந்த நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும். வாட்ஸாப்பில் விசாரித்தால் அரை நிமிடத்தில் "வெல்கம் சார்" என்று பதில். முன்பணம் 1,500 ரூபாய், ஜிபேயில் மட்டும்தான். என்னிடம் இந்திய நம்பர் இல்லை, ஓடிபி வராது. அத்தான்தான் தன் போனிலிருந்து அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது டீக்கடையிலும் க்யூஆர் அட்டைதான். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள். பத்தும் இருபதுமாக ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அத்தான் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினோம். மேப்பில் வந்த புள்ளி எங்களைக் கொண்டுபோய் விட்டது ஒரு தென்னந்தோப்பில். கடல் கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. சிமென்ட் தளத்தில் இரண்டு கூடாரங்கள் வெயிலில் வெளுத்து நின்றன. ஒன்றில் ஜிப் பாதியோடு நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கழிப்பறை லின்டல் மட்டம் வரை எழும்பியிருந்தது. பார்த்துக்கொள்கிறவன் என்று வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும்.

"ஃபேமிலியா வர்றீங்கன்னு சொல்லலையே சார்."

"நீங்கதானப்பா ஃபேமிலின்னு விளம்பரம் போட்டிருக்கீங்க?"

"அது அண்ணன் போட்டது சார்."

அண்ணன் போனை எடுக்கவில்லை. கடல் எங்கே என்று மகள் கேட்டாள். "பைக்ல போனா பக்கம்தான் பாப்பா" என்றான். அவனைக் கோபித்து என்ன ஆகப் போகிறது. அத்தான் அந்த அண்ணனை விடாமல் துரத்தி மூன்றாம் நாள் 1,000 ரூபாயைத் திரும்ப வாங்கினார். மீதி 500 'மெயின்டனன்ஸ்' கணக்கில் போய்விட்டதாம். கோழிக்கா ஜிப்புக்கா தெரியவில்லை.

டவுனில் லாட்ஜ் பார்க்கலாமா என்று காரில் பேசிக்கொண்டிருந்தது எப்படியோ அத்தை காதுக்குப் போய்விட்டது. போன் வந்தது. "ஏன்டா, அத்தை ஒருத்தி உசுரோட இருக்கும்போது லாட்ஜுல படுத்தீங்கன்னா, தெருவுல என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?" சரி, வேதாரண்யத்துக்கே திரும்பினோம். கூடாரம் டிக்கியில் அப்படியே கிடந்தது.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பினோம். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் நிற்காமல் போக முடியவில்லை. மழைக்காலம் முடிந்து பாத்திகளில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷத்து உப்பு கீற்று மூடிய குவியலாக வரப்போரம் இருந்தது. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து ஆட்களோடு நடந்து வந்து உப்பு எடுத்தது இங்கேதான், அதற்காக ஜெயிலுக்கும் போனார் என்று சொன்னேன். "உப்பு எடுத்ததுக்கா ஜெயில்?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரயிலில் வர விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான 37 கிலோமீட்டர் தடம் அகலப்பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி திறந்தது. நான் ஊரை விட்டுப் போனபோது மீட்டர் கேஜ் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் கோடியக்கரை வரைக்கும் ரயில் போனது, அதில் போய்க் குளித்திருக்கிறேன் என்று அத்தை சொல்வார். இறங்கிய பிறகு ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். பிள்ளைகளோடு வந்தால் கார் வைத்துக்கொள்வதே நல்லது.

கோடியக்கரைச் சரணாலயத்தின் சோதனைச்சாவடியில் சீட்டு வாங்கினோம். பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்த்தார்கள். பையனுடைய சிப்ஸ் பாக்கெட்டைக்கூட விடவில்லை. திரும்பி வரும்போது வாங்கிக்கொள் தம்பி என்றார்கள், சொன்னபடியே எடுத்துத் தந்தார்கள். வழிகாட்டக் கூடவே ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், செருப்பில்லாத கால். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான சேவை அவர்தான்.

புல்வெளி தொடங்கும் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னார். பனி இன்னும் விலகவில்லை. முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க, அந்தப் புதர்ல இருந்து இடப்பக்கம்" என்றார். வெளிமான் கூட்டம். பெட்டைகள் காய்ந்த புல் நிறத்தில் மேய்ந்துகொண்டிருக்க, நடுவில் ஒரே ஒரு கிடா. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்பு இரண்டும் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே போயின. தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. பையன் மூச்சு விடவே இல்லை. திடீரென்று ஒரு பெட்டை துள்ளியது. அப்புறம் எல்லாமே துள்ளின, ஸ்பிரிங் வைத்த மாதிரி ஒவ்வொன்றாகக் காற்றில் எழும்பி எழும்பிப் போய்விட்டன. இந்த மான்களுக்காகத்தான் 1967இல் இதைச் சரணாலயமாக்கினார்கள்.

மட்டக்குதிரைகளும் நின்றன. யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள். மகளுக்கு மானைவிட அவற்றைத்தான் பிடித்தது. காவலருக்குப் பிடிக்கவில்லை. "அழகுதாம்மா, ஆனா மானுக்குள்ள புல்ல இதுங்க தின்னுடுதே" என்றார். சீமைக்கருவேலத்தைப் பற்றியும் இதே குரலில்தான் பேசினார். உள்ளே போகப் போகச் சாய்ந்து கிடக்கும் பெரிய பாலை மரங்கள் தெரிந்தன. 2018 நவம்பர் 16 கஜா புயல். அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் கேட்டேன். "விடிஞ்சு பாத்தா காட்டுக்குள்ள வெளிச்சம்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

பூநாரைகள் தூரத்தில், சேற்றுநீரில், ரோஜா நிறக் கோடு மாதிரி நின்றன. தொலைநோக்கி இல்லாமல் போனது எங்கள் தப்பு. இந்த நீர்ப்பரப்பு 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்காகவே வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து வந்தால் பாதை சுமாராக இருக்கும்.

திரும்பும்போதுதான் கேட்டேன், இங்கே கூடாரம் போட அனுமதி வாங்க வழி உண்டா என்று. அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

"ஆறு மணிக்கு மேல உள்ள யாரும் இருக்கக் கூடாது சார். நரி இருக்கு, பன்னி இருக்கு, அதுக்குப் பயந்து இல்ல. இந்த மாசத்துல பங்குனி ஆமை கரையேறும். கரையில வெளிச்சம் தெரிஞ்சா ஏறாம திரும்பிப் போயிடும். குஞ்சு பொரிச்சாலும் கடல்னு நெனச்சு லைட்டப் பாத்துதான் ஓடும். நாங்களே முட்டையை எடுத்துட்டு வந்து பொரிப்பகத்துல வச்சுப் பாதுகாக்குறோம். நீங்க கேம்ப் ஃபயர் போட்டா?"

எனக்குப் பதில் இல்லை. பையன்தான் "ஓகே, தட்ஸ் ஃபேர்" என்றான்.

ராத்திரி தங்கியே ஆக வேண்டுமென்றால் வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். நேரே போய் நின்றால் வேலைக்கு ஆகாது. கூடாரம் கிடையாது, கேம்ப் ஃபயர் கிடையாது, ஆறு மணி வரைதான். இந்த மூன்று வரியைத் தமிழில் யாராவது முன்னாலேயே எழுதி வைத்திருந்தால் எனக்கு ஐந்நூறு ரூபாயும் மனைவிக்குச் சாக்லேட்டும் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் கோடியக்கரைக் கடற்கரையில் கூடாரம் இல்லை என்று சொன்னால் அது பொய். நாகப்பட்டினம் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் மீனவர்கள் சீசனுக்கு இங்கே வந்து வாடி போட்டுத் தங்குகிறார்கள். ஐப்பசியில் வந்தால் பங்குனி வரை. கீற்றுக் கொட்டகை, மேலே நீலத் தார்ப்பாய், வாசலில் அடுப்பு, கயிற்றில் காயும் சட்டை. ஃபைபர் படகுகள் வந்துகொண்டிருந்த நேரம். ஏலக் கொட்டகையில் வாவலும் காலாவும் கூறு கூறாகக் கொட்டிக் கிடந்தன. வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் பையனைக் கூப்பிட்டார். ஒரு புள்ளி நண்டைப் பின்காலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஓட்டில் வெள்ளைப் புள்ளிகள், கொடுக்கு நீல நிறம். கடைசிக் கால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருந்தது. அதைச் சுண்டிக் காட்டி, "இத வச்சுதான் நீந்தும்" என்றார்.

"எந்த ஊரு தம்பி?"

"மெல்பர்ன்."

"அங்க கடல் உண்டா?"

"உண்டு. நாங்க அங்க டென்ட்ல தங்குவோம்."

"எத்தனை மாசம்?"

"ரெண்டு நாள்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம் என்றுதான் நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கழிப்பறையை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நாங்கள் டீக்கடைக்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினோம், முகம் சுளிக்காமல் திறந்துவிட்டார், காசு வாங்க மறுத்துவிட்டார். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். போனில் சிக்னல் வரும், போகும். குளிக்கும் ஆசையிருந்தால் உள்ளூர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். கரை திரும்பும் முனையில் ஒரு பக்கம் அலை அடிக்க, மறுபக்கம் குளம் மாதிரி கிடக்கும், அதை நம்பி இறங்கினால் கால் சேற்றில் புதையும். என் கால் புதைந்தது, ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு டவுனில் ஒரு சின்ன மெஸ்ஸில். மீன் குழம்பில் உறைப்பு அதிகம் என்று பிள்ளைகள் அழுதுகொண்டே இரண்டாம் தடவை வாங்கினார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை வீட்டு மொட்டைமாடியில் கூடாரத்தைப் பிரித்தோம். கான்கிரீட்டில் முளை இறங்காது. அத்தான் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து, ஒரு கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டினார். "மாப்ள, இதுக்கா ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தீங்க?" என்று நாலு தடவை கேட்டுவிட்டார். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, கொசுவர்த்தியை வெளியே வைத்துவிட்டு, உள்ளே எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று நுழைந்தார். கால் நீட்டிப் பார்த்தார். பக்கத்தில் மகள் படுத்தாள். பத்து நிமிடத்தில் குறட்டைச் சத்தம் வந்தது. யாருக்கும் எழுப்ப மனசு வரவில்லை. நானும் அத்தானும் வெளியே பாயை விரித்தோம்.

முன்பெல்லாம் அந்த மாடியைச் சுற்றித் தென்னை மறைத்துக்கொண்டிருக்கும். கஜாவுக்குப் பிறகு தெற்கே வெறும் வானம். கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்துபோனது. பையன் கூடாரத்து ஜன்னல் வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தான். நாற்பதுக்கு மேல் அவன் குரல் கேட்கவில்லை.

காலையில் கூடாரத்தை மடிக்கப் போனபோது அத்தை தடுத்தார். "இதை இங்கேயே விட்டுட்டுப் போடா. உள்ள வடாம் காயப்போட்டா காக்கா வராது."