கடலூர் முதுநகர் ஞாயிறு தர்ஜுமா வகுப்பு: ஐயத்தோடு வருபவருக்கு ஏற்றதா?

கடலூர் முதுநகரில் ஞாயிறுதோறும் அஸர் (பிற்பகல்) தொழுகைக்கும் மஃக்ரிபுக்கும் (சூரியன் மறைந்ததும் தொழுவது) இடையே, பள்ளிவாசலை ஒட்டிய ஒரு மாடிக் கூடத்தில் குர்ஆன் தர்ஜுமா (பொருள் விளக்க) வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. கட்டணம் இல்லை, சேர்க்கைப் படிவமும் இல்லை. ஒளுவுடன் (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் தூய்மையுடன்) வந்து அமர்ந்தால் போதும். ஒருவர் வசனத்தை அரபியில் ஓதுகிறார், மற்றொருவர் தமிழாக்கத்தை வாசிக்கிறார், பிறகு லால்பேட்டை மதரஸாவில் பட்டம் பெற்ற ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்), 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கஸீரின் குர்ஆன் விரிவுரையை முன்வைத்து விளக்குகிறார். இத்தகைய வகுப்புகள் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் உண்டு. இதைத் தனியாக எடுத்து எழுதுவதற்குக் காரணம், குர்ஆனைப் பொருளறிந்து வாசிக்கும்போது எழும் ஐயங்களை இங்கே எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதுதான். என் மதிப்பீடும் அந்த ஒன்றைப் பற்றியதே.

நம்மில் பெரும்பாலோர் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் குர்ஆனின் முப்பது ஜுஸ்வும் (பகுதிகளும்) அரபியில் ஓதி முடித்தவர்கள். பொருள் பிறகு வருகிறது. சிலருக்கு வருவதே இல்லை. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழாக்கம் தொடங்கி இன்று பல தமிழாக்கங்கள் அச்சிலும் கைபேசியிலும் கிடைப்பதால், ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவர் அருகில் இல்லாமலேயே வசனங்களை நேரடியாக எதிர்கொள்ளும் வாய்ப்பு எல்லோருக்கும் வந்துவிட்டது. வெள்ளிதோறும் குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான கஹ்ஃபை ஓதிவந்த ஒருவர், நாற்பது வயதில் அதைத் தமிழில் வாசித்து, அதனுள்ளே ஒரு சிறுவன் கொல்லப்படுவதைக் காணும்போது அடையும் அதிர்ச்சியை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. ஓதலை விடாமல் இருந்தவருக்குத்தான் அந்த அதிர்ச்சி அத்தனை வலுவாக இருக்கும். ஆயினும் இப்படிக் கேட்பவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், இது ஷைத்தானின் வஸ்வாஸ் (ஊசலாட்டம்), அவூது (பாதுகாப்புத் தேடும் வாசகம்) ஓதிக்கொள்ளுங்கள் என்பதே. புதுச்சேரியில் நான் முன்பு சென்றுவந்த ஒரு வகுப்பில், கேள்வி நேரத்தில் ஒளு முறிவது பற்றியும் ஜகாத் (கட்டாய தர்மம்) கணக்கு பற்றியும் மட்டுமே கேட்கலாம் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

முதுநகர் வகுப்பில் அப்படி ஒரு விதி இல்லை. அண்மை மாதங்களில் கஹ்ஃபு அத்தியாயம்தான் பாடமாக இருந்தது என்பதால், அதிலிருந்தே எடுத்துக்காட்டுகள் தருகிறேன். துல்கர்னைன் என்ற மன்னர் மேற்குத் திசையில் சென்று, சூரியன் சேறு கலந்த நீர்நிலையில் மறைவதைக் கண்டார் என்ற 86ஆம் வசனம் வந்தபோது, கல்லூரி மாணவர் ஒருவர் இது அறிவியலுக்கு முரணாக இல்லையா என்று கேட்டார். கடலோரத்தில் நிற்கும் எவருக்கும் சூரியன் நீரில் இறங்குவதாகத் தோன்றுவதுபோல் அவருக்கும் தோன்றியது என்ற இப்னு கஸீரின் விளக்கத்தை ஹஜ்ரத் படித்துக் காட்டி, "தேவனாம்பட்டினத்தில் நின்றுகொண்டு சூரியன் கடலிலிருந்து எழுகிறது என்று நாம் சொல்வதில்லையா, தம்பி?" என்று கேட்டார். கேள்வி அத்துடன் தீர்ந்தது. ஐயங்களில் இந்த வகை எளிதானது. வசனத்தையும் பழைய விரிவுரையையும் நிதானமாகப் படித்தால் பெரும்பாலும் போதும். இதில் வகுப்புக்கு முழு மதிப்பெண் தரலாம்.

அல்லாஹ்விடமிருந்து தனி அறிவு பெற்ற கிள்ர் (அலை) அவர்களும், அவரிடம் கற்க வந்த மூஸா (அலை) அவர்களும் பயணம் செய்யும் பகுதியில்தான் வகுப்பின் உண்மையான தரம் தெரிந்தது. படகைச் சேதப்படுத்தியதற்கும், கூலி கேளாமல் சுவரை எழுப்பியதற்கும் பின்னால் சொல்லப்படும் காரணங்கள் மனத்துக்கு எளிதில் ஒப்பாகின்றன. சிறுவனைக் கொன்றதற்குச் சொல்லப்படும் காரணம், அவன் வளர்ந்து வரம்புமீறலாலும் நிராகரிப்பாலும் நம்பிக்கையாளர்களான தன் பெற்றோரைத் துன்பத்தில் ஆழ்த்திவிடுவான் என்பதாகும். செய்யாத குற்றத்துக்கு ஓர் உயிரை எடுப்பது எப்படி நீதியாகும் என்ற கேள்வி கூடத்தில் இருந்த எல்லோர் மனத்திலும் இருந்திருக்க வேண்டும். கேட்டவர் ஒரு பெரியவர். ஹஜ்ரத் உடனே கிள்ரைத் தாங்கிப் பேச முற்படவில்லை. அதே கேள்வியை 74ஆம் வசனத்தில் மூஸாவே கேட்டுவிட்டார் என்பதை முதலில் சுட்டிக்காட்டினார். எவரையும் கொல்லாத ஒரு தூய உயிரையா கொன்றீர்கள் என்று ஒரு நபி கொதிக்கிறார். பொறுமை காப்பதாகத் தந்த வாக்கை மூஸா மீறினார் என்று கிள்ர் நினைவூட்டுகிறாரே ஒழிய, கொலையைக் கண்டு மனம் கொதித்ததே தவறு என்று அங்கே எவரும் சொல்லவில்லை.

அடுத்து, இந்த நிகழ்ச்சியை முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்பதற்கு அவர் ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பிலிருந்து ஒரு செய்தியை எடுத்தார். காரிஜிய்யாக்கள் என்ற ஆரம்பகாலப் பிரிவினரின் தலைவர்களில் ஒருவனான நஜ்தா, போரில் எதிரிகளின் குழந்தைகளைக் கொல்லலாமா என்று கேட்டு எழுதியபோது, அந்தச் சிறுவனைப் பற்றி கிள்ர் அறிந்திருந்ததை நீயும் அறிந்திருந்தாலொழிய கொல்லாதே என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) பதில் எழுதினார். அப்படி அறிவது எந்த மனிதருக்கும் இயலாது என்பதால், இக்கதையைக் காட்டி எவரும் எவர்மீதும் கை வைக்க முடியாதபடி அந்த வாசல் அடைக்கப்பட்டுவிட்டது. இது வலுவான பதில். ஆனால் பெரியவர் விடவில்லை: "மனிதர்களுக்கு அது சரி, ஹஜ்ரத், அல்லாஹ் ஏன் அப்படி ஏவினான்?" என்றார். அறிஞர்கள் கூறியுள்ள இரண்டு, மூன்று கருத்துகளைச் சொல்லிவிட்டு, இவற்றுள் எதுவும் தம் மனத்தை முழுமையாக நிறைக்கவில்லை என்றும், அல்லாஹ்வே அறிந்தவன் என்று சொல்லித் தாம் அங்கே நிற்பதாகவும் ஹஜ்ரத் கூறினார். மிம்பரிலிருந்து (பள்ளிவாசல் சொற்பொழிவு மேடையிலிருந்து) இப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை.

அவர் அவ்வாறு நிற்பதற்கு நூலிலேயே இடமிருக்கிறது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், பல பொருளுக்கு இடம் தரும் வசனங்களின் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர எவரும் அறியார் என்கிறது. பெரும்பான்மை அறிஞர்கள் அந்த இடத்தில் நிறுத்தி ஓதுகிறார்கள். முஜாஹித் போன்ற ஆரம்பகால விரிவுரையாளர்கள் நிறுத்தாமல் ஓதி, கல்வியில் ஆழ்ந்தவர்களும் அதை அறிவார்கள் என்று கொண்டார்கள். இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டக் கேட்ட இப்ராஹீம் (அலை), நீர் நம்பவில்லையா என்று வினவப்பட்டபோது, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறவே கேட்கிறேன் என்றார். அவருக்குக் கிடைத்தது நான்கு பறவைகளைக் கொண்ட ஒரு சான்று. வாய்விட்டுச் சொல்லவே அஞ்சத்தக்க எண்ணங்கள் மனத்தில் எழுகின்றன என்று தோழர்கள் வந்து முறையிட்டபோது, அதுவே தெளிவான ஈமான் (இறைநம்பிக்கை) என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இவற்றை ஹஜ்ரத் அடிக்கடி நினைவூட்டுகிறார். கேட்பவர் கூனிக் குறுகாமல் கேட்பதற்கு இது பெரிதும் உதவுகிறது.

குறைகளும் உண்டு. தத்துவம் சார்ந்த கேள்வி எழுந்தால், அதற்கெல்லாம் இமாம் கஸ்ஸாலி அன்றே பதில் சொல்லிவிட்டார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்து 1095இல் அப்பொறுப்பைத் துறந்த கஸ்ஸாலி, புலன்களையும் அறிவின் அடிப்படைகளையுமே நம்ப இயலாத நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்ததைத் தாமே எழுதியிருக்கிறார். அதிலிருந்து தம்மை மீட்டது ஆதாரங்களின் வரிசை ஏதுமன்று, அல்லாஹ் தம் நெஞ்சில் இட்ட ஓர் ஒளி என்பதும் அவர் வாக்குமூலம். அத்தகைய ஒருவரின் பெயரையே கேள்வியை மூடும் தாழ்ப்பாளாக்குவது அவருக்கும் நியாயம் செய்வதாகாது.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. பெண்கள் பக்கத்து அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்விகள் துண்டுச் சீட்டுகளில் வருகின்றன, பெரும்பாலும் மஃக்ரிப் பாங்குக்குச் சற்று முன்னர்தான் பிரிக்கப்படுகின்றன. கணவனின் அதிகாரத்தையும் மனைவியைக் கண்டிப்பதையும் பேசும் நிஸா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் பற்றி ஒரு சீட்டு வந்தபோது கிடைத்த பதில், கிள்ர் நிகழ்ச்சிக்குக் கிடைத்த நேரத்தில் ஒரு சிறு பங்குகூட இல்லை. கொல்லப்பட்ட சிறுவனைப் பற்றிப் பொறுமையாக யோசிக்க முடிந்த கூடம், தங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கும் வசனத்தின் முன் அவசரப்படுகிறது. பெண்களின் சீட்டுகளை முதலில் எடுப்பது என்ற சிறு மாற்றத்தையாவது நிர்வாகத்தினர் செய்ய வேண்டும்.

மற்ற வசதிகள் பரவாயில்லை. தேநீர் தருகிறார்கள், மின்விசிறிகள் ஓடுகின்றன, மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முதியவர்களுக்குச் சிரமம். புதுச்சேரியிலிருந்து வருபவர்கள் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கி முதுநகருக்கு வேறு பேருந்து பிடிக்க வேண்டும்.

குர்ஆனைப் பொய்யென்று நிறுவ வருபவருக்கும், எல்லா ஐயங்களும் ஒரே மாலையில் தீர வேண்டும் என்று வருபவருக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். வாசித்து, இடறி, மூடி வைத்தவர்கள் தாராளமாக வரலாம். இப்போது கஹ்ஃபு முடிந்து மர்யம் அத்தியாயம் தொடங்குகிறது. 28ஆம் வசனத்தில் மர்யம் (அலை) ஹாரூனின் சகோதரி என்று அழைக்கப்படுகிறார். மூஸாவின் அண்ணனுக்கும் ஈஸாவின் தாய்க்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள் என்று நஜ்ரான் ஊர்க் கிறிஸ்தவர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியை நபித்தோழர் முகீரா (ரலி) அவர்கள் நேரே நபியிடமே கொண்டுவந்தார்கள். முன்சென்ற நபிமார்கள், நல்லோர்களின் பெயர்களை மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டிவந்தார்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில். புதிதாகச் சேர விரும்புபவர்கள் அந்த அத்தியாயத்தை வீட்டில் ஒருமுறை தமிழில் வாசித்து, இடறும் இடங்களைக் குறித்துக்கொண்டு வருவது நல்லது. வகுப்பில் பிரதிகள் போதுமான அளவு இல்லாததால் சொந்தப் பிரதியையும் எடுத்து வரவும்.