திருகோணமலையில் இரண்டு நாள் கயிற்று மீட்புப் பயிற்சி: போய் வந்த அனுபவம்

எட்டு வருடமாகப் பாறை ஏறுகிறேன். கீழே நின்று கயிறு பிடிக்கும்போது, மேலே தொங்குகிறவர் மயங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் போன மாதம் இந்தப் பயிற்சிக்குப் போனேன். பகல் சாப்பாட்டோடு 18,000 ரூபாய், ஆறு பேருக்கு இரண்டு பயிற்றுநர்கள், கன்னியாப் பக்கம் ஒருவருடைய காணிக்குள் இருக்கும் பாறை. (சுவாமி மலை கோணேசர் கோயில் இருக்கிற இடம், அங்கே கயிறு கட்ட நினைக்கவே வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.)

முதல் நாள் பகல் வரைக்கும் ஒரே பாடம்தான், கயிறு பிடித்திருக்கிறவர் தன் கைகளை எப்படி விடுவிப்பது. கயிறு ஓடாமல் பிடிக்கும் பிலே கருவியில், பாரத்தோடும் அவிழ்க்கக்கூடிய மியூல் முடிச்சுப் போட்டுப் பூட்டி, பாரம் ஏறிய கயிற்றில் புருசிக் வளையத்தை (பாரம் வந்தால் பெரிய கயிற்றைக் கவ்விக்கொள்ளும் மெல்லிய கயிற்று வளையம்) மூன்று சுற்றுச் சுற்றி, அதை, பாரத்தை மெல்ல விடக்கூடிய முன்டர் முடிச்சால் ஆங்கரோடு (பாரம் தாங்கும் அசையாத பிடிமானம்) இணைத்து, பிறகு பூட்டை அவிழ்த்து பாரத்தை மெல்ல மெல்ல அந்த வளையத்துக்கு மாற்ற வேண்டும். சொல்ல இலகு. 70 கிலோ மணல் மூட்டை தொங்கும்போது வலது கையை எடுக்க மனமே வராது, நாலாவது தடவைதான் எனக்குச் சரிவந்தது. அதுவரைக்கும் பயிற்றுநர் அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

எங்களோடு வந்த ஒரு தம்பி மீன்பிடிக் குடும்பம். நான் கட்டிய புருசிக் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, வால் கட்டையா இருக்கு, பாரம் வந்தா உருவிடும்" என்று சொல்லி அவிழ்த்து, முடிச்சின் நுனியில் நாலு விரல் அகலம் மிச்சம் விட்டுத் திரும்பக் கட்டித் தந்தார்.

குறையும் இருக்கிறது. அவர்கள் தந்த வளையங்களில் இரண்டு 8 மில்லிமீட்டர் தடிப்பு, வெயிலில் காய்ந்து விறைத்தவை, 10 மில்லிமீட்டர் கயிற்றில் சரியாகக் கவ்வாமல் வழுக்கின. என்னுடைய 6 மில்லிமீட்டர் வளையம் அதே கயிற்றில் உடனே இறுகியது. போகிறவர்கள் சொந்தமாகக் கொண்டு போங்கள். அப்புறம், மேலே இழுக்கும் முறைக்குக் கடைசி ஒரு மணித்தியாலம்தான் கிடைத்தது. மூன்றுக்கு ஒன்று (ஒரு பங்கு இழுத்தால் மூன்று பங்கு பாரம் தூக்கலாம்) என்று கணக்கில் வரும் இழுவை, கப்பி இல்லாமல் வெறும் கராபினரில் (கயிறு கொளுவும் உலோகக் கொக்கி) போட்டால் உராய்விலேயே போய், இரண்டுக்கு ஒன்று கூடத் தேறாது. அதைக் கையால் இழுத்துப் பார்த்தால்தான் விளங்கும், அதற்கு இன்னும் நேரம் தந்திருக்க வேண்டும்.

ஆனால் முக்கியமானதை அழுத்திச் சொன்னார்கள். ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டி) அசையாமல் தொங்கும் ஆளுக்கு இரத்தம் காலில் தேங்கி, சில நிமிடங்களிலேயே ஆபத்தாகிவிடும், அதனால் இறக்க முடிந்தால் உடனே இறக்கிப் படுக்க வையுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வீதி வரைக்கும் வரும், பாறையில் இருந்து வீதி வரைக்கும் நம்முடைய வேலை.

ஆடி மாதக் கச்சான் காற்றில் மேலே நிற்பவர் கத்துவது கீழே கேட்கவே இல்லை, கயிற்றை இழுத்துச் சைகை காட்டித்தான் பழகினோம். அடுத்த பயிற்சிக்கு என்னோடு ஏறும் நண்பனையும் பதிந்துவிட்டேன், நான் தொங்கினால் இறக்கப் போகிறவன் அவன்தானே.