வெள்ளி பற்ற வைக்கும்போது தீக்கறை: வெங்காரமா, ஸ்பிரிட் முக்கலா, தெளிப்பா?

போன மாதம் ஆறு ஜோடி மெட்டி செய்தேன். 92.5 வெள்ளி, மேலே மெல்லிய வரிவேலை. வெங்காரம் (போராக்ஸ்) மட்டும் தடவி, துண்டுகளை நெருப்பில் சூடாக்கி ஒட்டிப் பற்ற வைத்தேன். கருப்பைக் கழுவும் ஆசிட்டிலிருந்து எடுத்தபோது எல்லாம் பால் வெள்ளையாகத்தான் இருந்தன. பஃப் (மெருகுச் சக்கரம்) அடித்த பிறகுதான் கோளாறு தெரிந்தது. ஊதா மை தொட்ட விரலால் யாரோ தடவியது மாதிரி வரிகளுக்கு நடுவே ஒரு நிழல். அதைத் தேய்த்தெடுக்கப் போனால் வரியும் சேர்ந்து போகும். அந்த எரிச்சலில்தான் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய மூன்று காப்புப் பூச்சுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ஆசிட்டில் கரைந்து போகும் கருப்பு வேறு, தீக்கறை என்னும் இந்த நிழல் வேறு. கருப்பு என்பது மேலே படிந்த செம்பு ஆக்சைடு. சூடேறிய வெள்ளி ஆக்சிஜனைத் தன் உள்ளேயும் விடும். அப்படி இறங்கிய ஆக்சிஜன், கலவையில் இருக்கும் 7.5 சதவீதச் செம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்குக் கீழே சிவந்த ஆக்சைடாக உட்கார்ந்துவிடுகிறது. ஆசிட் மேற்பரப்புச் செம்பை மட்டும் அரித்து, அதன்மேல் ஒரு தூய வெள்ளித் தோலை விட்டுவைக்கும். பஃப் அந்தத் தோலை எடுத்ததும் கறை வெளியே வரும். நகைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் பிரதிபலிப்பில் பாருங்கள், கறையின் விளிம்பு கோடு போட்ட மாதிரி தெரியும். செம்பே இல்லாத சுத்த வெள்ளியில் வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

முதலில் வெங்காரம். கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து இணைப்பில் தடவுவது. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. இணைப்பில் பொடி (உருகி ஒட்டவைக்கும் பற்றுக் கலவை) ஓட வைப்பதற்கு இன்றைக்கும் இதற்கு ஈடு கிடையாது என்பதுதான் என் எண்ணம். ஆனால் வெங்காரம் உருகிக் கண்ணாடியாவது சுமார் 743 டிகிரி செல்சியஸில். செம்பு அதற்கு வெகு முன்பே, வெள்ளி மங்கலாகச் சிவப்பதற்குள்ளேயே, ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடுகிறது. அந்த இடைவெளி முழுக்க நகை அம்மணமாக நிற்கிறது. போதாக்குறைக்கு, சுடாத வெங்காரம் சூட்டில் பொரிந்து பொடியைத் தள்ளிவிடும். பொடி வைத்து ஊதத் தெரிந்த எங்கள் பத்தர், "பொறுமையா ஊதுங்க தம்பி, போதும்" என்றார். அவர் கைக்கு அது போதும். என் கைக்குப் போதவில்லை.

அடுத்தது போரிக் ஆசிட்டை ஸ்பிரிட்டில் கலக்கி நகையை முக்கி எடுத்துக் கொளுத்துவது. பச்சைச் சுடர் எரிந்து அணைந்ததும் வெள்ளைப் பூச்சு நிற்கும். போரிக் ஆசிட் வெங்காரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகுவதால் காப்பு முன்கூட்டியே கிடைக்கிறது. தட்டையான சின்ன வளையத்துக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் டார்ச் எரியும் மேசையில் ஸ்பிரிட் பாட்டில் இருப்பது எனக்கு உறுத்தல். மூடியை மறந்தால் கதை முடிந்தது. செங்குத்தான பக்கங்களில் பூச்சு மெலிந்தும் போகிறது. கேரம் போர்டு பவுடரும் போரிக் ஆசிட்தானே என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் ஆம், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று டப்பா சொல்லாது. கெமிக்கல் கடையிலேயே வாங்குங்கள்.

நான் நின்றுவிட்ட இடம் மூன்றாவது. அமெரிக்க வெள்ளிக் கலைஞர் ஜான் பிரிப் பெயரால் வழங்கும் கலவை அது. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் போரிக் ஆசிட் 120 கிராம், வெங்காரம் 80, ட்ரைசோடியம் பாஸ்பேட் 80. கொதிக்கவிட்டுத் தெளியும்வரை கலக்க வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் போரிக் ஆசிட் தனியாக 50 கிராம்கூடக் கரையாது. மற்ற இரண்டும் கூட இருப்பதால்தான் 120 கிராமும் பிடிக்கிறது. பாஸ்பேட் கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம்.

இதில் பதம் எல்லாமே தெளிப்பதில்தான் இருக்கிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பவருக்கு இது புதிதல்ல. நகை குளிர்ந்திருந்தால் கரைசல் வழிந்து ஒரு மூலையில் சேரும். அதிகம் சூடானால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தெளித்ததும் 'சுர்' என்று அங்கேயே காய்ந்து வெள்ளைப் பொருக்காக நிற்கும் சூடுதான் சரி. நெருப்பை விலக்கித் தெளிப்பு, மறுபடி லேசான சூடு, மறுபடி தெளிப்பு என்று நாலைந்து சுற்று. அடிப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன், மெட்டியின் உள்வளையத்தில் மட்டும் கறை வந்தது. இணைப்பில் மட்டும் நான் இன்னும் வெங்காரம்தான் தடவுகிறேன்.

பொருட்செலவு மூன்றிலும் அற்பம். நான் கணக்குப் பார்த்தது மெருகு நேரத்தைத்தான். வெங்காரம் மட்டும் போட்ட மெட்டிகளில் ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் உப்புத்தாளும் பஃப்புமாகப் போனது, அப்படியும் வரிகளுக்குள் நிழல் மிச்சம். தெளித்த ஜோடி கால் மணி நேரத்தில் முடிந்தது. தேய்க்கும்போது போவது நேரம் மட்டுமா? வெள்ளியும் போகிறது, விளிம்புக் கூர்மையும் போகிறது. மேலே முலாம் பூசி மறைத்துவிடலாம் என்பார்கள். தரையில் உரசி உரசியே வாழும் நகை மெட்டி. முலாம் தேய்ந்ததும் கறை வாடிக்கையாளர் காலில் எட்டிப் பார்க்கும், நகை நம்மிடமே திரும்பி வரும்.

இந்தக் கலவை எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்லமாட்டேன். பொடி ஓடாமல் நீண்ட நேரம் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் பூச்சு செம்பைக் கரைத்துப் பச்சைக் கண்ணாடியாகிச் சோர்ந்துவிடுகிறது. பிறகு ஆசிட்டில் போட்டு முதலிலிருந்துதான் வரவேண்டும். சொம்பு, விளக்கு மாதிரிப் பெரிய வேலைகளில் நான் இதைப் போட்டுப் பார்த்ததில்லை. செம்பைக் காக்க ஜெர்மானியம் சேர்த்த அர்ஜென்டியம் வெள்ளி வாங்கினால் இந்தப் பாடே வேண்டாம் என்கிறார்கள். ஒரே ஒரு மோதிரம் செய்திருக்கிறேன், கறை வரவில்லை. ஒரு மோதிரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

தெளிப்பானின் மூக்கு மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறை உப்பு கட்டி அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் வெந்நீரை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு வையுங்கள்.