புராஸ்டேட்டுக்கு லேகியம் என்று ஊட்டி லாட்ஜில் 18,500 ரூபாய் பிடுங்கினார்கள்

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ஊட்டியில் ஒரு லாட்ஜ் அறையில் மாதாமாதம் ‘ஆண்கள் நல முகாம்’ நடத்தும் மூலிகை வைத்தியசாலை அது. எனக்கு நீர்க்கடுப்பு, ராத்திரி அடிக்கடி எழுந்து போக வேண்டிய அவஸ்தை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வலி வேறு, கேரட் லோடு ஏற்றிக்கொண்டு பிக்கப்பில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் உயிர் போய்விடும்.

உள்ளே போனதும் அந்த ஆள் கதவைத் தாழ் போட்டார். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். “அண்ணா, இதெல்லாம் வீட்டுல கூடச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லுங்க” என்றார். அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவன் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நாடி பார்த்தார். சிறுநீர்ப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. “புராஸ்டேட்ல சூடு ஏறியிருக்கு, 48 நாள்ல கரைச்சிடலாம்” என்று லேகியம், தைலம், மாத்திரை எல்லாம் கட்டிக் கொடுத்தார். 18,500 ரூபாய். பில் கேட்டதற்கு, “நமக்குள்ள எதுக்குண்ணா?”

அந்த வாரமே காய்ச்சல், பல் கிட்டுகிற குளிர்நடுக்கம். போன் செய்தால், “கழிவு வெளியேறுது, மருந்து வேலை செய்யுது.” அடுத்த முறை ஒரு பெண் எடுத்து, “ஐயா முகாம்ல இருக்காங்க” என்றார். அப்புறம் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்கள். லாட்ஜில் கேட்டால், “ரூம் வாடகைக்கு விட்டோம், அவ்வளவுதான் சார்.”

ஒரு விடியற்காலை சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டில் ஈகோலை கிருமி. புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது, அழற்சியில் வீங்கினால் வழி அடைபடும் என்று டாக்டர் விளக்கினார். இன்னும் தாமதித்திருந்தால் சீழ் கட்டியிருக்கலாம், கிருமி ரத்தத்திலும் கலந்திருக்கலாம். வயதானால் வருகிற வீக்கம் வேறு, கிருமியால் வருவது வேறு, கிருமியே இல்லாமல் மாதக்கணக்கில் இழுக்கும் இடுப்படி வலி வேறு. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுவதில் கடைசி வகைதான் அதிகமாம். மூன்றுக்கும் ஒரே லேகியமா? வயிறு எரிகிறது. எனக்கு ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் ஓடுகிறது. அழற்சி இருக்கும்போது பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோய் சந்தேகத்துக்கு ரத்தத்தில் பார்க்கும் புரதம்) அளவு தானாகவே ஏறும் என்பதால் அந்த டெஸ்ட்டை இப்போது எடுக்க வேண்டாம் என்றார்.

புராஸ்டேட் கோளாறைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரங்களுக்கு எதிரான சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே புராஸ்டேட் இருக்கிறது. ஆனாலும் நோட்டீஸ் பட்டப்பகலில் ஒட்டுகிறார்கள், 18,500 ரூபாயை எண்ணி வாங்குகிறார்கள்.

சரி, உங்களுக்குச் சொல்ல வேண்டியது: காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள். மூத்திரம் அடைத்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கல்ச்சர் கொடுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். அதே லாட்ஜில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் கொடுங்கள்.