உலக அமைப்பில் சேர்வதா, ஓர் ஊரோடு உறவு வைப்பதா?

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓமலூர் பக்கம் இருக்கும் எங்கள் கூத்துச் சங்கத்தில் இரண்டு யோசனை பேசினோம். பொம்மலாட்டக்காரர்களின் உலக அமைப்பான யூனிமாவில் உறுப்பினராகலாம் என்றார்கள் பாதிப்பேர். இலங்கையின் மட்டக்களப்பில் வடமோடி என்ற பாணியில் கூத்து ஆடும் ஒரு குழுவோடு நேரடியாக உறவு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் மீதிப்பேர். எங்கள் ஆட்கள் கூத்தும் கட்டுவார்கள், பொம்மையும் ஆட்டுவார்கள் என்பதால் இரண்டுமே பொருந்தி வந்தது. ஆனால் இரண்டையும் ஒன்றாக இழுத்துப் போக ஆளில்லை. மட்டக்களப்பைப் பிடித்துக்கொண்டோம். இப்போது இதே கேள்வியோடு சேலம், தருமபுரிக் குழுக்கள் ஃபோன் செய்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

யூனிமாவைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. 1929இல் பிராக் நகரில் தொடங்கிய அமைப்பு. தலைமையகம் பிரான்சில் ஷார்ல்வில்-மெசியேர் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பொம்மலாட்ட விழாவுக்கு உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. மார்ச் 21 உலக பொம்மலாட்ட தினம் என்று கொண்டாடுகிறோமே, அதைக் கொண்டுவந்ததும் இவர்கள்தான். டெல்லியைச் சேர்ந்த பொம்மலாட்டக் கலைஞர் தாதி புதும்ஜி 2008இல் இதன் தலைவரானார். இந்தியக் கிளையும் உண்டு. சேர்ந்தால் உலகத்தில் யார் என்ன ஆட்டுகிறார்கள் என்பது தெரியும், நம் பேரும் ஒரு பட்டியலில் ஏறும்.

மத்திய அரசின் கலாச்சார உறவு அமைப்பான ஐ.சி.சி.ஆர். வைத்திருக்கும் கலைஞர் பட்டியலைச் சிலர் மூன்றாவது வழியாகக் கேட்கிறார்கள். அதற்கும் விண்ணப்பம் போடுங்கள், நல்லதுதான். ஆனால் அது அரசு நம்மை நிகழ்ச்சிக்கு அனுப்பும் ஏற்பாடு. இன்னொரு குழுவோடு வருடக்கணக்கில் பழகுவது வேறு விஷயம்.

பண விஷயத்தில் இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வெளிநாட்டு அமைப்பில் சேர்ந்தால் நிதி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்கொடை வாங்க, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு வேண்டும். அதற்குச் சங்கம் மூன்று வருடமாவது இயங்கி, கடைசி மூன்று நிதியாண்டில் தன் வேலைக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு வைத்திருக்கும் பெரிய அமைப்பு ஒன்று வாங்கி நமக்குப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. திருவிழாக் கூத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஓடும் சங்கங்கள் இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

சரி, எங்களுக்கு எது முடிவு செய்தது? பதில் போடும் ஆள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எந்த உறவையும் தொடங்குவது சுலபம். ஏழாவது மாதம் வரும் கடிதத்துக்கு யார் பதில் எழுதுவது?

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முன்பு வேறொரு வெளிநாட்டுக் கலை அமைப்பில் சேர்ந்திருந்தோம். எங்கள் தாளக்காரர் மகன் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தான். மெயில் பார்ப்பது, படிவம் நிரப்புவது, ஆண்டறிக்கை எழுதுவது எல்லாம் அவன்தான். படிப்பு முடிந்து ஓசூரில் வேலை கிடைத்துப் போனான். போகட்டும், பையன் பிழைக்க வேண்டுமே. மெயிலின் கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. பதினான்கு மாதம் கழித்து, ஆடிப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது திறந்து காட்டினான். படிக்காத மெயில்கள் நூற்றுக்கும் மேல். நடுவே ஓர் அழைப்பு: இரண்டு கலைஞர்களுக்குப் பத்து நாள் பயிற்சி, பயணச் செலவு அவர்களுடையது. பதில் அனுப்பக் கடைசித் தேதி தாண்டி ஐந்து மாதமாகியிருந்தது. எங்கள் வாத்தியார் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மட்டக்களப்பு உறவில் அந்தச் சிக்கல் கிடையாது. கடிதமே கிடையாது. எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. அங்கே கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்பார்கள், இங்கே வாத்தியார். எங்கள் வாத்தியார் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அவருக்கு வந்த பதிவுக்கு அவரே பதில் சொல்லிவிடுகிறார், யாரையும் எதிர்பார்ப்பதில்லை. விருத்தம், தரு என்கிற கூத்துப்பாட்டு, வசனம் என்று இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. ஒருநாள் இவர் கர்ணன் வரவுத் தருவைப் பாடி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில்: “அண்ணன், அந்தக் கடைசி அடியை இன்னொருக்கா படிங்க.” பின்னால் மத்தளச் சத்தம் கேட்டது. அதற்குள் அவர்கள் அதை வாசித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உதவியது. மாதத்தில் ஒருநாள் எல்லோரும் வீடியோவில் உட்காருவது என்று முடிவு செய்தபோது, அவர்கள் பௌர்ணமி என்றார்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. எங்கள் ஆட்களுக்கும் வானத்தைப் பார்த்தாலே ஞாபகம் வந்துவிடும். அண்ணாவியாருக்கு உடம்பு முடியாமல் இருந்த மாதங்களை விட்டுவிட்டால், இதுவரை இரண்டு தடவைதான் தவறியிருக்கிறது, இரண்டும் இங்கே கூத்து இருந்த இரவுகள்.

போன வருடம் நான்கு பேர் போய் வந்தோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், அப்புறம் பஸ். 2023இல் தொடங்கிய இந்தக் கப்பல் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மழைக்காலத்தை நம்பித் தேதி வைக்காதீர்கள். வடமோடியில் ராஜ வேஷத்துக்குக் கட்டும் கரப்புடுப்பு என்ற உடையைத் தொட்டுப் பார்த்தோம். பாண்டிருப்பு திரௌபதியம்மன் கோயிலுக்கும் கூட்டிப்போனார்கள். தீமிதிக் குழிக்குப் பக்கத்தில் நின்று வாத்தியார் கும்பிட்டார். ஊரில் கும்பிடுவது மாதிரியேதான் கும்பிட்டார்.

குறையும் உண்டு. நேரடி உறவு ஓரிருவர் தோளில் நிற்கிறது. அண்ணாவியாருக்கு உடம்பு முடியாமல் இருந்த இரண்டு மாதம் எல்லாம் அப்படியே நின்றுபோனது. அதன்பிறகு இரண்டு பக்கமும் இளையவர் ஒருவரைச் சேர்த்திருக்கிறோம். அது எத்தனை வருடம் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பொம்மைக்கு இந்த உறவால் பெரிய லாபமில்லை. எங்கள் பொம்மைகள் கல்யாண முருங்கையில் செதுக்கியவை. பெரியது நாலரை அடி, பத்து கிலோ. நூலெல்லாம் ஆட்டுபவர் தலையில் மாட்டிய இரும்பு வளையத்தில் கட்டியிருக்கும், கைகளைக் கம்பியால் ஆட்ட வேண்டும். இதைப் புரிந்து பேச இன்னொரு பொம்மலாட்டக்காரர்தான் வேண்டும். இலங்கையிலேயே அம்பலாங்கொடை பக்கம் ஆடும் ரூகட நாட்டியம் நூல் பொம்மைதான், 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அவர்களைத் தேடிப் பிடிக்க யூனிமா மாதிரி ஓர் அமைப்புத்தான் வழி. பொம்மைகளைக் கடல் தாண்டிக் கொண்டுபோன அனுபவம் எங்களுக்கு இல்லை. திரும்பக் கொண்டுவரும் சாமானுக்குச் சுங்கவரி கட்டாமலிருக்க, ஃபிக்கி என்ற வணிகர் கூட்டமைப்பு தரும் ஏ.டி.ஏ. கார்னே பத்திரம் எடுக்கலாம் என்பது வரைதான் விசாரித்திருக்கிறோம்.

ஆகவே, பொம்மை மட்டும் ஆட்டுகிற குழு, வீட்டிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒருவர், அவரும் ஊரைவிட்டுப் போகப்போவதில்லை என்றால், யூனிமாவில் சேருங்கள். பள்ளி ஆசிரியையாக இருக்கும் மருமகள் ஒருவர் போதும். மெயில் கடவுச்சொல்லை மட்டும் சங்க நோட்டில் எழுதி வையுங்கள். கூத்துக் குழுக்களுக்கு என் யோசனை மட்டக்களப்புதான்.

இப்போது அவர்கள் பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் எங்கள் பதினெட்டாம் போர் கூத்தின் நோட்டைக் கேட்டிருக்கிறார்கள். வாத்தியாரின் தாத்தா கையெழுத்து, 212 பக்கம். ஓரம் பொடிந்துவிட்டதால் விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஃபோட்டோ எடுக்கிறோம். போன பௌர்ணமி வரை 90 பக்கம் அனுப்பியாயிற்று.